வாய் பார்க்கிற தெரு

பட்டறைத் தெருவில் ஒருவரையொருவர் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. கூப்பிட்டால் யார் காதில் விழப்போகிறது? பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரைக்கும் தெருவின் இரண்டு பக்கமும் செப்புத் தகட்டின் மேல் சுத்தியல் விழுந்துகொண்டே இருக்கும். யாரையாவது நிமிரவைக்க வேண்டுமென்றால் உலையோரம் கிடக்கிற கரித்துண்டு ஒன்றை எடுத்து அவர் முதுகில் எறிவார்கள். அவர் நிமிர்ந்து, எறிந்தவர் முகத்தைப் பார்ப்பார். பிறகு பேச்சு வெறும் வாயசைவில் நடக்கும்.

ஊரில் மற்ற இடங்களில் 'வாய் பார்த்துக்கிட்டு நிக்காதே' என்று ஒருவனைத் திட்டினால், வெட்டியாக நிற்காதே என்று பொருள். பட்டறைத் தெருவில் வாய் பார்க்கத் தெரியாதவன்தான் வெட்டி. சில வருஷம் சுத்தியல் பிடித்தவனுக்குக் காது மந்தமாகிவிடும். அதற்கு மேலும் பிடித்தவனுக்குக் காது என்பது கரிக்கோல் செருகிக்கொள்ள மட்டும்தான். ஆனால் கண் கழுகுக் கண். எதிர்ப் பட்டறைக்காரன் தனக்குள் முணுமுணுத்தாலும் இங்கிருந்து பதில் போகும். ஒருவர் சொல்வதைக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதற்கு மேல் அவரோடு பேச வழியே கிடையாது. புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் அந்தத் தெருவில் அப்படித்தான் முடியும். யார் முதலில் குனிகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள்.

தெருமுனைப் பட்டறைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் டமாரம். காதருகில் வெடி வெடித்தாலும் திரும்பமாட்டார். அவர் பெண்டாட்டிக்கு வைத்த பெயர் தண்டோரா. அவள் வாயில் ஒரு சேதி விழுந்தால் அது கிணற்றடிக்குப் போய் ஊரைச் சுற்றிவிட்டு அவளிடமே புதுச் சேதியாகத் திரும்பி வரும். அவள் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். துருத்தி ஊதுவதும், அடித்து முடித்த பாத்திரத்தை மணலும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதும் அவள் வேலை. காது இன்னும் நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் புருஷனோடு பேசியாக வேண்டுமே, வந்த வருஷமே வாய் பார்க்கப் பழகிக்கொண்டாள். நாளடைவில் புருஷனை மிஞ்சிவிட்டாள். கேட்க ஆசை இருக்கிறவர்களுக்கு எதுவும் சீக்கிரம் வரும்.

தெருவுக்குத் தகடு கொடுப்பதும், அடித்த பாத்திரத்தை வாங்கிக்கொள்வதும் ஒரே ஆள், பாத்திரக்கடை முதலாளி. அவர் கடையில் ஒரு வேடிக்கை நடக்கும். தகடு எடுக்கப் போனால் முதலாளி ஒன்றுமே பேசாதவர்போல் கணக்குப்பிள்ளை பக்கம் சாய்ந்து, "மட்டமானதை மேல வை, நல்லதை அடியில வை" என்பார். எதிரில் நிற்கிறவன்தான் செவிடாயிற்றே என்று குரலைக்கூட அதிகம் தாழ்த்தமாட்டார். நிற்கிறவன் அவர் உதட்டைப் பார்த்தபடியே, குனிந்து அடியிலிருந்து தகட்டை உருவுவான். 'செவிடனுக்கு ஆண்டவன் கையில ஞானத்தைக் குடுத்திருக்கான்' என்று முதலாளி வியந்துகொள்வார். இந்த விஷயம் தெருவை விட்டு வெளியே போகக் கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. தண்டோராகூட அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, அந்த அளவுக்கு அது சோற்றோடு சேர்ந்த விஷயம்.

வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து வழக்குக் கேட்ட காலம் அது. மழைக்காலம் முடிந்து பாதையெல்லாம் காய்ந்திருந்த சமயத்தில் உபதேசியார் ஒருத்தர் ஊருக்குள் வந்தார். ஊர் ஊராக நடந்து போய்க் கிறிஸ்தவ வேதம் சொல்லுகிறவர். கூட வெள்ளைக்காரர் யாரும் இல்லை, வண்டி இல்லை. நிறம் போன கறுப்புக் கோட்டு, ஒரு தோல் பை, ஒரு குடை, அவ்வளவுதான். ஒரு புருவத்தின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு. மேல்வரிசையில் ஒரு பல் பாதிதான் இருந்தது. அவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அவர் பேசிப் பேசிப் பாதிப்பேர் குடியை விட்டுவிட்டார்களாம், சில வீடுகள் வேதத்திலேயே சேர்ந்துவிட்டனவாம். அதற்கு முந்தின ஊரில் கல்லால் அடித்திருக்கிறார்கள். புருவத்துத் தழும்பு அங்கே வாங்கியது என்றார்கள். பல் அதற்கும் முந்தின ஊர்.

இப்படி அடி வாங்கியும் அடுத்த ஊருக்குப் போகிற மனுஷன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று தண்டோராவுக்கு அப்போதே அரிப்பு எடுத்துவிட்டது.

முதலாளிக்கு வேறு கவலை. சாராயக் குத்தகையும் அவர் கையில்தான் இருந்தது. ஊர் ரெண்டுபடும், அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் ஆவான் என்று பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தார். அவர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது, அது பொய்ப் பயமும் இல்லை. ஆனால் உபதேசியார்மேல் கை வைத்தால் துரை வந்து கேட்பார். யோசித்துப் பார்த்து முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். உபதேசியார் சாயங்காலம் சந்தைத் திடலில் கல்மேடையில் ஏறி நின்று பேசுவார். பட்டறைத் தெரு திடலில்தான் போய் முட்டும். பட்டறைக்காரர்கள் பட்டறைக்கல்லையும் உலையையும் திடலோரம் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலை செய்யட்டும், முதலாளி கையைத் தூக்கிக் காட்டினால் நிறுத்தட்டும். தொழில் செய்கிறவனை ஏன் சத்தம் போடுகிறாய் என்று எந்தத் துரை கேட்பான்? அதிலும் இவர்களுக்குக் காது கேட்காது. அந்த ஆள் என்ன பேசினாலும் இவர்கள் மட்டும் மயங்கமாட்டார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் முதலாளி செய்த தப்புக் கணக்கு.

முதல் சாயங்காலமே ஊர் கூடிவிட்டது. உபதேசியார் மேடை ஏறி வாயைத் திறந்தார். டமாரம் சுத்தியலை ஓங்கினார். தெருவே ஓங்கியது. ஒருவன் தகட்டை உலையில் காட்டி இளக்கும் நேரத்தில் மற்றவர்கள் அடித்தார்கள். அதனால் சத்தத்தில் ஒரு ஓட்டைகூட விழவில்லை. கூட்டத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், கொஞ்ச நேரம் பார்த்தார்கள், சலித்துப்போய்க் கலைந்தார்கள். துருத்திப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தண்டோரா மட்டும் அசையவில்லை. உபதேசியார் வாய் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். வெளியாள் ஒருவர் இவ்வளவு சுத்தமாக வாயசைத்து அவள் பார்த்ததில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கை தகட்டில் இருந்தது, கண் மேடையில் இருந்தது. கொழுந்தன், எதிர்ப் பட்டறைக்காரர், அவர் மகன், எல்லாருக்கும் அதே கதி. ஊருக்கே கேட்காத பிரசங்கத்தை, கேட்கவிடாமல் அடித்துக்கொண்டிருந்த தெரு ஒரு சொல் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அவர் சாமியைப் பற்றிப் பேசினார். தண்டோராவுக்கு அதில் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. மறுநாள் அவர் தன் கதையை ஆரம்பித்தார். அதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

சின்ன வயசில் அவர் நூல் ஆலையில் வேலை பார்த்தவராம். கூட ஒரு சிநேகிதன். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் இவர் குடித்துவிட்டு வந்து, பார்த்துக்கொள்ள வேண்டிய யந்திரத்தின் பக்கத்தில் கண் அயர்ந்துவிட்டார். நிறுத்தியிருக்க வேண்டிய பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. சிநேகிதனின் வலது கையை அது இழுத்துக்கொண்டது. வெள்ளைக்கார மேலாளர் விசாரித்தபோது, அவனாகத்தான் கையைக் கொடுத்தான் என்று இவர் சொல்லிவிட்டார். கையும் போய் வேலையும் போய் அவன் குடும்பத்தோடு ஊரைவிட்டே போனான். இவர் அதற்குப் பிறகு ரெண்டு மடங்கு குடித்தார்.

அன்றைய சாயங்காலம் அதோடு முடிந்தது. தண்டோராவுக்கு ஒரு விஷயம் பாதியில் நின்றால் சோறு இறங்காது. காலையில் கிணற்றடியில் வண்டிக்காரன் பெண்டாட்டி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த உபதேசியார் அப்படி என்னதான் பேசுகிறாராம், யாருக்காவது காதில் விழுந்ததா என்று சும்மா கேட்டாள். தண்டோரா சுற்றும் முற்றும் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தாள். முடியவில்லை.

அன்றிலிருந்து கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற வேலை மெதுவாக நடந்தது. சாயங்காலம் பார்த்ததைத் தண்டோரா காலையில் சொல்லுவாள். யந்திரப் பட்டை ஓடுவதைக் கயிற்றை இழுத்துக் காட்டுவாள். வண்டிக்காரன் பெண்டாட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே, "அந்தக் கை போனவனுக்குக் குழந்தைங்க எத்தனையாம்?" என்பாள். இத்தனை சத்தத்தில் உனக்கு எப்படிக் கேட்டது என்று மட்டும் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. கதை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

உபதேசியாருக்குத் தெருவின் விஷயம் எப்படிப் புரிந்தது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு சாயங்காலம் கூட்டம் அநேகமாகக் கலைந்த பிறகு அவர் குரலை அடியோடு நிறுத்திவிட்டு, நேராகப் பட்டறைக்காரர்களைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தார். நூல் ஆலையிலும் இதே கதைதான் அண்ணே, அங்கேயும் நாங்க வாயைப் பார்த்துத்தான் பேசிக்குவோம் என்றார். வந்த அன்றைக்கே உங்கள் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றார். எதிர்ப் பட்டறைக்காரர் அடியைத் தப்பவிட்டு விரலை நசுக்கிக்கொண்டார். டமாரத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. குற்றவாளிபோலச் சுத்தியலைத் தாழ்த்தினார்.

உபதேசியார் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"நிறுத்தாதீங்க அண்ணே, நல்லா அடிங்க. நீங்க இதை அடிக்கிறவரைக்கும் அவங்க என்னை அடிக்க மாட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவர் கை தானாகப் புருவத்துத் தழும்பைத் தடவியது. வேதம் சொல்ல வந்தவர் என்பது போய், பயத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிற ஒரு மனுஷன் என்று தண்டோராவுக்குத் தெரிந்தது. அன்று டமாரம் அடித்த அடியில் ஒரு கொப்பரை ஒரே சாயங்காலத்தில் உருவாகிவிட்டது.

ஆனால் கிணற்றடிக் கதை வண்டிக்காரன் வீட்டுக்குள் போயிற்று. அவன் பெண்டாட்டி சோறு போடும்போதே அந்தக் கை போனவனை நினைத்து அழுதாள். வண்டிக்காரன் முதலாளிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். பேச்சுவாக்கில் முதலாளியிடம் சொல்லிவிட்டான்.

முதலாளி நேராகப் பட்டறைக்கு வந்தார். எப்போதும் ஆள் விட்டுக் கூப்பிடுகிறவர், தானே வந்து உலைக்கு முன்னால் நின்றார். டமாரம் எழுந்து தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சத்தத்தில் யாருக்கும் கேட்காத கதை ஊரெல்லாம் உலவுகிறது, உங்கள் வீட்டிலிருந்து யாரோ அந்த ஆள் தங்கியிருக்கிற சத்திரத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறீர்கள் என்றார் முதலாளி. அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இந்தா பாருப்பா, அந்தப் பக்கம் சாயறவன் சாயட்டும், நான் தடுக்கலை. ஆனா சாஞ்ச வீட்டுக்கு என் கடையிலேர்ந்து ஒரு தகடு வராது. உலை அணைஞ்சு போகும். நீயே யோசிச்சுக்கோ" என்று கையையும் சேர்த்து ஆட்டி விளக்கினார்.

டமாரம் பெண்டாட்டியைப் பார்த்தார். சத்திரத்துக்குப் போகவில்லை என்று மட்டும் சொன்னால் முதலாளி நம்பமாட்டார். எப்படித் தெரிந்தது என்று சொன்னால், கடையில் அவர் பேசினதெல்லாம் இத்தனை வருஷமாக எப்படித் தெரிந்தது என்பதும் தெரிந்துவிடும். ஒரு வீட்டு உலை அணையாமல் இருக்கத் தெருவின் கண்ணையே பிடுங்கிக் கொடுத்த மாதிரி ஆகும். இரண்டு பக்கமும் போக வழியில்லாமல் அவர் நின்றார். தன் வாயால் வந்த வினை என்று தண்டோராவுக்குச் சுருக்கென்றது. சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க முதலாளி. அவருக்கு என்ன தெரியும்? எனக்கு இன்னும் காது நல்லா இருக்குங்க. சுத்தியல் சத்தத்துக்கு நடுவுல அங்கங்க ரெண்டு வார்த்தை விழும். மீதியை நானாத்தான் கட்டிச் சொன்னேன். என் வாய் எப்படின்னு ஊருக்கே தெரியுமே."

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். தண்டோராவின் வாய் எப்படி என்று அவருக்கும் தெரியும். நம்பிவிட்டார். "அப்ப சத்தம் பத்தலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

அவர் தனக்குள் சொன்னது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரிந்தது. பொய் பலித்துவிட்டது என்று அவள் மூச்சுவிட்டாள். டமாரம் மூச்சுவிடவில்லை. சத்தம் போதாது என்றால் அடுத்து எதற்குப் போவார்கள் என்று அவர் வாயசைத்துக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. நாங்கள் அடிக்கிறவரைக்கும் அவரை அடிக்கமாட்டார்கள் என்று இருந்த வேலியை அவளே பிடுங்கிப் போட்டுவிட்டாள். பகல் முழுக்க அவளுக்குத் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கத்தான் கை வந்தது. உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால் சத்திரத்து வாசலில் முதலாளியின் ஆள் உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் திடலில் கூட்டம் அதிகம். கிணற்றடிப் பெண்கள் எல்லாரும் ஏதோ சாமான் வாங்க வந்தவர்கள் மாதிரி ஓரமாக நின்றார்கள். முந்தின நாள் கதை நல்ல இடத்தில் நின்றிருந்தது. உபதேசியார் குடியை விட்டு, வேதத்துக்கு வந்து, செய்ததைச் சிநேகிதனிடமே சொல்லிவிட வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஊர் ஊராகத் தேடி, கடைசியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளேயிருந்து காலடிச் சத்தம் வருகிறது. முந்தின நாள் அவ்வளவுதான்.

சுத்தியல்கள் ஆரம்பித்தன. உபதேசியார் மேடை ஏறினார். தண்டோரா அவர் வாயைப் பார்க்கவில்லை. துருத்தியை ஊதிக்கொண்டே திடலின் எதிர்ப்பக்கம், சந்தைக் கொட்டகைப் பக்கம், பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே முதலாளி நின்றார். வண்டிக்காரனும் இன்னும் சிலரும் அவரைச் சுற்றி நின்றார்கள். இவ்வளவு தூரத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று முதலாளி தாராளமாக வாயைத் திறந்து பேசினார்.

"நாலு பக்கமும் பிரிஞ்சு நில்லுங்க. நான் கையைத் தூக்கினா பட்டறைக்காரனுங்க நிறுத்துவானுங்க. சத்தம் நின்னா அதுதான் உங்களுக்குக் குறி. எல்லாரும் ஒரே நேரத்துல மேடைக்குப் போங்க. துரை கேட்டா, கூட்டத்துல யார் அடிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

வண்டிக்காரன் கையில் வண்டியிலிருந்து உருவின முளைக்கழி இருந்தது. அவர்கள் பிரிந்து போனார்கள்.

தண்டோரா கரித்துண்டை எடுத்துப் புருஷன் முதுகில் எறிந்தாள். அவர் நிமிர்ந்தார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். நிறுத்தினா உபதேசியாரை அடிப்பாங்க, முதலாளி கையைப் பார்க்காதீங்க, யாரும் பார்க்காதீங்க. நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாவிட்டால் நாளைக்கு என்ன என்று டமாரத்துக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு கரித்துண்டை எடுத்துத் தம்பிமேல் எறிந்தார். தம்பி எதிர்ப் பட்டறைக்காரர்மேல் எறிந்தான். கரித்துண்டு திடலோரம் நெடுக ஆள் மாறி ஆள் மாறிப் போயிற்று. போன இடமெல்லாம் ஒரு தலை நிமிர்ந்து, வாய் பார்த்து, பிறகு தகட்டுக்கு மேல் தாழக் குனிந்தது.

முதலாளி கையைத் தூக்கினார். யாரும் பார்க்கவில்லை. சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது.

மேடைமேல் உபதேசியார் கதையின் நடுவில் நின்றுவிட்டார். இத்தனை நாள் அவரை ஒரு சொல் விடாமல் பார்த்திருந்த தெரு, ஒரே நேரத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டது. தலை குனிந்தால் என்ன அர்த்தம் என்று ஆலையில் வேலை பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? கல்லடி பட்டபோது எப்படி இருந்தாரோ, தண்டோரா பார்க்கவில்லை. ஆனால் இப்போது அந்த முகம் போன போக்கை அவளால் தாங்க முடியவில்லை. முதலாளி திடலைத் தாண்டி வேகமாக வந்துகொண்டிருந்தார். அவர் கண் அவள்மேல்தான் இருந்தது. இப்போது வாயை அசைத்தால் எல்லாம் தெரிந்துவிடும். அவள் தலையை நன்றாக நிமிர்த்தி மேடையைப் பார்த்தாள்.

"சத்தம் நின்னா உங்களை அடிப்பாங்க. நாங்க நிறுத்த மாட்டோம். தெரு வழியாப் போயிடுங்க, தெருவுல ஆள் இல்லை" என்று குரலில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் எடுத்து வைத்துச் சொன்னாள்.

உபதேசியார் புரிந்ததாகத் தலையை அசைத்தார். பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். ஓடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு கூத்து. முதலாளி டமாரத்தின் தோளைப் பிடித்து உலுக்கினார். டமாரம் நிமிர்ந்து, காதைக் காட்டி, என்னங்க என்று வெள்ளையாகக் கேட்டார். நிறுத்து என்று கையால் காட்டியதும் மரியாதையாக நிறுத்தினார். மற்றவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அடுத்த ஆளிடம் போய் உலுக்கினார். அவன் நிறுத்தியதும் இங்கே டமாரம் ஆரம்பித்துவிட்டார். முதலாளி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பட்டறைக்கல் பட்டறைக்கல்லாக ஓடினார். ஒருவனை அடக்கினால் ஒருவன் கிளம்பினான். ஓரத்தில் நின்ற ஆட்கள் சத்தம் எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் முதலாளி தண்டோராவிடம் வந்து, உனக்குத்தான் காது கேட்குமே, உன் புருஷனை நிறுத்தச் சொல்லு என்று கத்தினார். அவள் கொழுந்தன் பக்கத்தில் கிடந்த சின்னச் சுத்தியலை எடுத்து, தேய்க்க வைத்திருந்த குடத்தை அடிக்க ஆரம்பித்தாள். தேர்ந்த கை இல்லை, குடம் கண்டபடி நசுங்கியது. ஆனாலும் சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்துக்குள் கறுப்புக் கோட்டு தெருவின் உள்ளே போயிற்று. அவள் பக்கத்தில் வந்தபோது நடை கொஞ்சம் தயங்கியதும், அவர் அவள் பக்கம் திரும்பியதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. கதையின் மிச்சத்தைச் சொல்லத்தான் திரும்பினாரோ, நன்றி சொல்லவோ. முதலாளி அவள் முகத்துக்கு நேரே நின்றிருந்தார். வாழ்நாளில் எதையும் தெரிந்துகொள்ளாமல் விட்டதில்லை என்று பேர் வாங்கியவள், குடத்தையே பார்த்துக்கொண்டு அடித்தாள்.

உபதேசியார் தெருவின் மறுகோடிக்குப் போய்ப் பாதை மேட்டில் ஏறுகிறவரைக்கும் அடித்தார்கள். உலையில் காட்டி இளக்காமல் அடித்துக்கொண்டே போனால் செம்பு முறுகிப்போகும். நிமிராமல் எப்படி உலைக்குப் போவது? ஒவ்வொரு பட்டறையிலும் தகடு விளிம்பில் கீற ஆரம்பித்தது. டமாரத்தின் கொப்பரை அடி நடுவில் பிளந்தது. அவர் கையில் ஒரு பாத்திரம் பிளந்ததை அன்றுதான் அவள் பார்த்தாள்.

மறுநாள் எல்லாரும் முதலாளி கடை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உலை அணைந்தது என்றுதான் நினைத்தார்கள். "நீங்க அடிக்கச் சொன்னீங்க, அடிச்சோம். நிறுத்தச் சொன்னது கேக்கலைங்க முதலாளி" என்று டமாரம் சொன்னார். சொன்னவர் முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பு இல்லை. பாத்திரம் அடிக்க வேறு தெரு முதலாளிக்கும் கிடையாது. தகட்டைக் கொடுக்கச் சொல்லக் கணக்குப்பிள்ளை பக்கம் சாய்ந்தார். சாய்ந்தவர் சட்டென்று நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு பேசினார். பேசிவிட்டுத் துண்டுக்கு மேலே கண்ணால் தண்டோராவைப் பார்த்தார். மேடையைப் பார்த்து அவள் வாயசைத்ததும், அதற்கு அந்த ஆள் தலையசைத்ததும் அவருக்கு மறக்கவில்லை. அன்று யாருக்கும் எதை உருவுவது என்று தெரியவில்லை. மேலே இருந்த மட்டமான தகட்டையே எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அதற்குப் பிறகு அந்தத் துண்டு அவர் வாயைவிட்டு இறங்கவே இல்லை.

தெருவில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. எதிர்ப் பட்டறைக்காரர் ஒருநாள் முழுக்கக் குனிந்தே இருந்தார், அவ்வளவுதான்.

மட்டத் தகட்டோடு திரும்பின அன்று சாயங்காலம் அவள் புருஷன்மேல் கரித்துண்டை எறிந்தாள். அவர் நிமிர்ந்தார்.

"நான் கொட்டகைப் பக்கமே பார்த்துக்கிட்டிருந்தேன். கதவு தொறந்தப்புறம் என்ன ஆச்சுன்னு நீங்க பார்த்தீங்களா?"

டமாரம் பார்த்திருந்தார். சிநேகிதன்தான் வந்து கதவைத் திறந்தானாம். இவர் நின்ற இடத்திலேயே நின்று, ஆலையில் பேசிக்கொள்கிற மாதிரி வாயசைத்துத் தான் செய்ததையெல்லாம் சொன்னாராம்.

"அவன் என்ன சொன்னானாம்?"

"ஒண்ணும் சொல்லலையாம். தலையைக் குனிஞ்சுக்கிட்டானாம்."

"அப்புறம்?"

"அப்புறம் உன் கரித்துண்டு வந்துச்சு. நானும் குனிஞ்சுட்டேன்."

அவள் துருத்தியை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். அந்த வார்த்தை உபதேசியார் வாயில் இருக்கும்போதுதான் தெருவே குனிந்ததா? அந்த முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உலையில் கரி சாம்பல் பூத்ததுகூடத் தெரியாமல் இருந்தாள். டமாரம் தானே எழுந்து வந்து துருத்தியை ஊதினார்.

காலையில் கிணற்றடியில் எல்லாரும் குடத்தோடு காத்திருந்தார்கள். வண்டிக்காரன் பெண்டாட்டி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள். முளைக்கழியோடு போன புருஷனுக்காக அவளுக்கு முகத்தில் விழிக்க வெட்கம். ஆனால் கதையை விடவும் மனசில்லை.

"அந்தக் கதவு தொறந்துச்சா அக்கா?" என்று அவள்தான் கேட்டாள்.

"தொறந்துச்சு. அவன்தான் வந்தான். இவரு எல்லாத்தையும் சொன்னாரு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்."

கிணற்றடியில் யாரும் கயிற்றை இழுக்கவில்லை. வண்டிக்காரன் பெண்டாட்டியின் கண் நிறைந்துவிட்டது. தண்டோரா தன் குடத்தைக் கீழே வைத்தாள். முந்தாநாள் கண்டபடி நசுக்கின குடம், வைத்த இடத்தில் ஆடியது.

"குனிஞ்சவன் அப்படியே இருக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சுத் தலையை நிமித்தி அவரைப் பார்த்தான்."

"அப்படின்னா மன்னிச்சுட்டானா?"

"அது எனக்குத் தெரியாது. பார்த்தான்" என்றாள் தண்டோரா.

வேறு எதையும் சேர்க்காமல் குடத்தை நிமிர்த்தித் தண்ணீரை ஊற்றினாள்.